மீன் வாங்குமுன் ஒரு மாதம்: முதல் தொட்டியைத் தயார்படுத்துவது எப்படி

முதல் முறை மீன் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு சனிக்கிழமை காலை கடைக்குப் போய்த் தொட்டி, கல், பம்ப், ஆறு கப்பி மீன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மீனையும் விட்டுவிட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை மூன்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன, செவுள் ஓரம் சிவந்திருந்தது. வியாழன் இரவுக்குள் ஆறும் போய்விட்டன. ஏன் அப்பா செத்தது என்று ஐந்து வயது மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விடயம் இதுதான். மீனின் செவுள் வழியாக அமோனியா ஓயாமல் வெளியே வருகிறது. அதன் கழிவும் மிச்சம் கிடக்கும் சாப்பாடும் அழுகினாலும் அமோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் கல், மணல், வேர் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் பக்டீரியா அதைத் தின்று தீர்த்துவிடும். ஒரு வகை பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், ஆனால் அதுவும் நஞ்சு, மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அடுத்த வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும், அது அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, செடி கொஞ்சம் எடுக்கும், தண்ணீர் மாற்றும்போது மீதி போய்விடும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் கிடையாது. அவை பெருகிக் குடியேற வழக்கமாக 4 முதல் 6 வாரம் வேண்டும். கடையில் தொட்டி வாங்குவது ஒரு நாள் வேலை, இந்தக் குடியேற்றத்துக்குத்தான் ஒரு மாதம்.

தொட்டியின் அளவைப் பற்றி முதலில். சின்னக் கிண்ணத்தில் தொடங்கினால் சுலபம் என்று நினைப்போம், உண்மை நேர்மாறு: தண்ணீர் குறையக் குறைய நஞ்சு சீக்கிரம் ஏறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி முதல் ஆளுக்கு நல்ல அளவு. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லீற்றர், கல் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் 45, 50 லீற்றர் நிற்கும். கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு வரும், ஆகவே டீவி வைக்கிற பலகை மேசை தாங்காது. இரும்புச் சட்டமோ நல்ல மரமோ வேண்டும். தொடர்மாடியில் இருந்தால் சுவரோரமாக வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சரிந்தால் பாரம் முழுக்க ஒரு மூலைக்குப் போய்க் கண்ணாடி வெடிக்கலாம். ரசமட்டம் இல்லாவிட்டால் பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கேட்கலாம். தொட்டிக்கு அடியில் ரெஜிபோம் தகடு ஒன்று போட்டால் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும், தண்ணீரும் சுடும். ஹீட்டர் கொழும்புக்குத் தேவையில்லை. வீட்டுக்குள் தண்ணீர் 28, 29 பாகை செல்சியஸில் தானாகவே நிற்கும், பக்டீரியாவுக்கும் அந்தச் சூடு பிடிக்கும்.

வைத்தவுடன் வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மூலைகளில் காய்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டிக்கென்று புதிதாக இரண்டு வாளி வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள், அந்த வாளியில் சவர்க்காரம் படவே கூடாது. தொட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

கல்லும் மணலும்: ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ நல்லது. கடற்கரை பக்கத்தில்தானே என்று வெள்ளவத்தைக் கரையில் இருந்து அள்ளிக்கொண்டு வராதீர்கள், உப்பும் சிப்பித் துண்டும் கலந்தது அது. வாங்கின கல்லில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும். பிறகு கழுவுங்கள், வாளியில் போட்டுக் கையால் கிளறி, கலங்கல் தண்ணீரை ஊற்றி, மறுபடி நிரப்பி, நான் கழுவியபோது பதினோராவது தடவைதான் அடியில் கிடந்த கல் தெரிந்தது. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே விட்ட தூசி பிறகு வாரக்கணக்கில் கண்ணாடியில் தெரியும்.

பில்டருக்கு விலை கூடியது வேண்டாம். எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ் பில்டர் ஒன்று போதும், பக்டீரியா அந்த ஸ்பொஞ்சுக்குள்தான் பெரும்பாலும் குடியிருக்கும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், கீழே வைத்தால் டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாக இறங்கி பம்புக்குள் வந்துவிடும். வயர் பிளக்குக்கு ஏறுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

இனி தண்ணீர். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கையில் எடுத்து அம்பத்தளையில் சுத்திகரித்த தண்ணீர், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. குடிக்கும் தண்ணீர் என்பதால் குளோரின் போடுகிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லத்தான், நாம் வளர்க்கப் போகும் பக்டீரியாவையும் விடாது, மீனின் செவுளையும் அரிக்கும். வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால், உள்ளே காற்றும் விட்டால் இன்னும் சீக்கிரம், அது போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் அன்டி குளோரின் சொட்டு மருந்தை, போத்தலில் உள்ள அளவுப்படி விடலாம். தண்ணீர் வெட்டி மறுபடி திறந்த அன்றைக்குத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள், குழாயில் அடைந்திருந்த கசடெல்லாம் அன்றுதான் வரும்.

இன்னொன்று, ஆற்றுத் தண்ணீர் மென்னீர், அதாவது சுண்ணாம்பு குறைந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு நிறைய இருக்கும், அங்கே மீன் வளர்க்கிற சொந்தக்காரர் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. மென்னீரில் பக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் கூடி பிஎச் இறங்கும், 6.5க்குக் கீழே போனால் அவற்றின் வேலையும் மந்தமாகிவிடும். மூன்றாவது வாரம் எதுவும் நகரவில்லை என்றால் முதலில் பிஎச் பாருங்கள். இறங்கியிருந்தால் அப்பச்சோடா அரைத் தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து விட்டால் 50 லீற்றர் தொட்டியின் பிஎச் எழும்பும். மீன் இல்லாத நேரம் என்பதால் பயப்படாமல் செய்யலாம்.

சரி, பக்டீரியாவை வளர்ப்பது எப்படி? அதற்குச் சாப்பாடு அமோனியா. மீன் இல்லாமல் அமோனியா வர வேண்டும், ஆகவே எதையாவது அழுக விட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீன் போடலாம். நான் இரண்டாம் முறை செய்தது, சந்தையில் வாங்கின இறால் ஒன்றை உரித்து, வலைத்துணியில் கட்டித் தொங்க விட்டது. மூன்றாம் நாள் இறாலைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று படர்ந்தது, தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியது, மூடியைத் திறந்தால் லேசான நாற்றம். பயந்து தண்ணீரை மாற்றிவிடாதீர்கள், அந்த மங்கல் சில நாளில் தானாகத் தெளியும். அமோனியா 2 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு) மேல் ஏறியதும் இறாலை எடுத்துவிட்டுத் தீன் சிட்டிகைக்கு மாறினேன். 5ஐத் தாண்டிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அளவு மிஞ்சினாலும் பக்டீரியா வளராது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை, அதனால் டெஸ்ட் கிட் கட்டாயம் வேண்டும். அலங்காரப் பொம்மைக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள். சொட்டு விட்டுப் பார்க்கும் வகை, காகிதத் துண்டை விட நம்பகமானது. என்னிடம் இருப்பதில் அமோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைத்திரைற்று இல்லாவிட்டால் வான்நீலம், இருந்தால் ஊதா. நைத்திரேற்றுக்கான இரண்டாவது போத்தலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும், குலுக்காவிட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் மகள்தான் அந்த நிறங்களைப் பென்சிலால் தீட்டினாள். முதலில் பச்சை ஏறும், பத்துப் பன்னிரண்டு நாளில் ஊதா எட்டிப் பார்க்கும், பச்சை மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும், ஊதா மட்டும் அசையாமல் நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பொறுமை போகும். பிறகு ஒரு காலையில் பார்த்தால் நீலம்.

சீக்கிரம் முடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது: நெடுநாள் ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவர் தந்ததை அவருடைய தொட்டித் தண்ணீரோடே பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து, எங்கள் தொட்டிக்குள் பிழிந்தேன். தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாக இறங்கியது, உயிருள்ள பக்டீரியாவும் அதோடு வந்தது. எங்களுக்கு 18 நாளில் முடிந்தது. அந்தத் தொட்டியில் நோய் கண்ட மீன் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். போத்தலில் விற்கும் பக்டீரியாவை நான் அவ்வளவு நம்புவதில்லை, கடைத் தட்டில் இந்த வெக்கையில் எத்தனை மாதம் கிடந்ததோ.

கொழும்பில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதது நுளம்பு. மீன் இல்லாமல் ஒரு மாதம் நிற்கும் தண்ணீர், டெங்கு நுளம்புக்கு அழைப்பு வைத்த மாதிரி. முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியையும் குளோரின் போக வைத்த வாளியையும் நுண்வலை போட்டு மூடுங்கள், பம்பை நிறுத்தாதீர்கள், மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் நுளம்பு முட்டையிடத் தயங்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி வீட்டுத் தண்ணீரில் குடம்பி இருந்தால் நாமே பொறுப்பு. அதே நேரம் தொட்டி இருக்கும் அறையில் நுளம்புச்சுருள் கொளுத்துவதையும் மருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள். அதில் உள்ள மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு, எயார் பம்ப் அந்தப் புகையை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடும். கட்டிலுக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் மாதத்தில் செடி நட்டுவிடலாம். நம் நாட்டு ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரின் வகைகள் உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் இருக்கின்றன, மங்கிய வெளிச்சத்திலும் வளரும். நட்ட புதிதில் இலை கரைந்து போகும், பிடுங்கி எறியாதீர்கள், வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும். மின்வெட்டுக்காக பட்டரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நினைவு நமக்கெல்லாம் இருக்கிறது, அப்போது நான் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வழக்கமான சிட்டிகைத் தீன் போட்டு மறுநாள் பார்க்கும்போது அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம், நைத்திரேற்று மட்டும் இருக்கிறது, மூன்று நாள் தொடர்ந்து அப்படியே என்றால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை, குளோரின் போன தண்ணீரால், மாற்றிவிட்டு அடுத்த நாள் கடைக்குப் போங்கள். ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், ஒரு மாத உழைப்பும் ஒரு நிமிடத்தில் போய்விடும். எப்போது கழுவினாலும் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

கோல்ட் பிஷ் வாங்காதீர்கள், பெரிதாக வளரும், குளிர்ந்த தண்ணீர் கேட்கும். என் விருப்பம் செரி பார்ப், சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். களனி முதல் நில்வளா வரையான ஓடைகளில் மட்டும் இயற்கையாக வாழும் இலங்கை மீன், 1929இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல பெயரிட்டது, நம் குழாய்த் தண்ணீரும் அதற்கு ஒத்துவரும். ஓடையில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு, பண்ணை மீனையே வாங்குங்கள். ஆறு போதும், அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, பையைக் கட்டியபடியே 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். அப்புறம் அவிழ்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரைக் குவளை தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள், நான்கைந்து தடவை. வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம். அன்றிரவு சாப்பாடு போடாதீர்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் அமோனியாவையும் நைத்திரைற்றையும் பாருங்கள், மஞ்சளில் கொஞ்சம் பச்சை கலந்தாலும் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.