பழைய பிக்கப் வண்டிக்குச் சைலன்சர் குழாய் அமைக்கும் முறை

பழைய பிக்கப் வண்டியின் சைலன்சர் துருவேறி உதிர்ந்துவிட்டால், புதுக் குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று முடிவு செய்வதிலேயே பாதி வேலை அடங்கிவிடுகிறது. ஷெட்டில் நிற்கும்போது கச்சிதமாகப் பொருந்தும் குழாய், குடியாத்தத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் ஆக்சிலில் இடிக்கலாம். ஆகவே, பாரம் ஏற்றி ஓடும் வண்டியை மனத்தில் வைத்தே வழி பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். பழைய குழாய் உடைந்திருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம்; அதன் வளைவுகளே நமக்கு நல்ல அளவு.

அடுத்து, வளையக்கூடிய ஒரு கம்பியை மேனிஃபோல்டு ஃப்ளேஞ்சிலிருந்து (இன்ஜினின் புகை வெளிவரும் பகுதியோடு குழாயை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பின்பக்கம் வரை வளைத்துப் பார்த்து வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் டியூப், பிரேக் பைப், ஒயரிங், பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றிலிருந்து கம்பி விலகியே செல்ல வேண்டும். எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் புகைக்குழாய் வரக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அதை விட அதிக இடைவெளி விடுவதே நல்லது என்பது என் கருத்து. வேலூர் வெயிலில் வண்டியின் அடிப்பகுதி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் பின் ஆக்சில். சேஸிஸைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது ஆக்சில் கீழே தொங்குவதால், அதன் மேல் நிறைய இடம் இருப்பதுபோலத் தோன்றும். அந்த அளவை நம்பக்கூடாது. சக்கரங்களைத் தரையில் இறக்கிய பிறகு, ஆக்சிலுக்கும், பாரத்தில் சேஸிஸ் இறங்கும்போது அதில் இடிக்காமல் தடுக்க அதன் மேலுள்ள பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ரப்பரும் சற்று நசுங்கும் என்பதால், குழாய்க்கும் ஆக்சிலுக்கும் இடையே அதைவிட ஒரு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். பட்டை (ஸ்பிரிங் தகடுகள்) படுத்துப்போன வண்டியாக இருந்தால், முதலில் பட்டையைச் சரிசெய்துவிட்டுக் குழாய் வேலைக்கு வருவதே முறை.

குழாயை இறுக்கிப் பிடித்துவிடவும் கூடாது. 3 மீட்டர் நீள இரும்புக் குழாயின் வெப்பம் 200 டிகிரி கூடினால், அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். அதோடு, மவுண்டிங் ரப்பரின் மேல் இன்ஜினும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே முன்பகுதியில் ஒரு ஃப்ளெக்ஸிபிள் பைப்பும், அதன்பின் சேஸிஸிலிருந்து தொங்கும் ஹேங்கர் ரப்பர்களும் வைக்க வேண்டும். குழாயைச் சேஸிஸோடு நேரடியாக வெல்டிங் செய்தால், சில மாதங்களில் மேனிஃபோல்டு ஃப்ளேஞ்ச் அருகே விரிசல் விடும். சைலன்சரிலிருந்து பின்பக்கம் லேசான வாட்டம் கொடுத்தால் உள்ளே தண்ணீர் தேங்காது, துருவும் தாமதமாகும்.

புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக்கூடாது என்பதும் விதி. குழாயின் முனையை வலப்பக்கமோ பின்பக்கமோ, பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே வரும்படி வையுங்கள். பாடிக்கு அடியிலேயே நின்றுவிட்டால் புகை கேபினுக்குள் ஏறும். ஆற்காடு, போளூர் பக்கம் அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றுபவர்கள், தொங்கும் வைக்கோல் சூடான முனையைத் தொடாதபடி இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் டேக் வெல்டிங்கில், அதாவது அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தி, மூட்டைகளை ஏற்றி ஒருமுறை சரிபார்த்த பிறகே முழு வெல்டிங் போடுங்கள். பிறகு திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டு, கனமான ஈரத்துணியால் குழாய் முனையைச் சில நொடிகள் மட்டும் அடைத்துப் பிடித்தால், கசிவுள்ள இணைப்பில் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். ஃப்ளேஞ்சுகளுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் புது கேஸ்கெட் முதல் சூட்டில் சற்று அமுங்கும். அதனால் காட்பாடி வரை ஓட்டிவிட்டு வந்து, நன்றாக ஆறிய பின் ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளையும் கிளாம்ப்புகளையும் மீண்டும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.