நேரத்தை மாற்றி நிம்மதி தேடுவோர் இடறும் இடங்கள்

இனி நேரத்தை உருப்படியாகச் செலவிட வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பலரும் ஒரு புது அட்டவணை போடுகிறார்கள். காலை 5 மணிக்கு எழுவது, நடை, தியானம், வாசிப்பு. முதல் பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது. இப்போது பொழுது எங்கே போகிறது என்று தெரியாமல் எதை எடுத்துவிட்டு எதை வைப்பது? அட்டவணைக்கு முன் ஒரு வாரக் கணக்கு வேண்டும். பண்டிகை வாரமும் அலுவலகக் கணக்கு முடிக்கும் வாரமும் இதற்கு உதவா. சனி, ஞாயிறை விட்டுவிடவும் கூடாது.

ஒரு சின்ன நோட்டு போதும். அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒன்றாக 48 கட்டங்கள். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் ஒரு நாள் என்பதை அதிகாலை 4 மணியிலிருந்துதான் கணக்கிடுகிறது. நள்ளிரவு தாண்டியும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அந்த நாளின் கணக்கிலேயே நிற்கும்.

மொத்தத்தையும் படுக்கப்போகும்போது நினைவிலிருந்து எழுதக் கூடாது. வாக்குவாதம் நடந்த பத்து நிமிடம் மனதில் பெரிதாக நிற்கும். அமைதியாகப் போன மூன்று மணி நேரம் காணாமல் போய்விடும். மதியச் சாப்பாடு முடிந்ததும், மாலையில், தூங்கும் முன் என மூன்று முறை எழுதினால் போதும். "வேலை" என்று ஒரே சொல்லில் முடிப்பதும் வீண். காய் நறுக்கியது, துணி மடித்தது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தது எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். தனியாகச் செய்தால் சலிக்கும் அதே சமையல், அக்காவோடு பேசிக்கொண்டே செய்தால் வேறாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு மதிப்பெண் போடுவது. 2004-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொரு பகுதியிலும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் அடிமட்டத்தில் இருந்தது. பிள்ளைகளைக் கவனிப்பதும் பலர் எதிர்பார்ப்பதைவிடக் கீழேதான் வந்தது. இதை மட்டும் நம்பினால் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி என்று ஆகிவிடும்! பயனுள்ள நேரமாக இருந்ததா என்றும் சேர்த்துக் கேட்டால் படம் மாறுகிறது. அதனால் இரண்டு பத்தி போடுங்கள். செய்யும்போது எவ்வளவு பிடித்தது என்பதற்கு 10-க்கு ஒரு மதிப்பெண். செய்தது பொருளுள்ளதாக இருந்ததா என்பதற்கு 10-க்கு ஒன்று. பிடித்தது 4, பொருள் 9 என்று வந்தால் அதை வெட்டாதீர்கள். அந்த வேலையை அலுப்பான இரவிலிருந்து தெளிவான காலைக்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டிலும் 3-க்குக் கீழே வருவதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். பலருடைய நோட்டில் அது ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

ஓய்வு நேரம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடும் என்று நினைப்பது அடுத்த பிழை. அமெரிக்கர்களின் நேரக் கணக்கை வைத்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், விருப்பம்போல் செலவிடக் கூடிய நேரம் நாளுக்குச் சுமார் 2 மணி வரை கூடும்போது மனநிறைவும் கூடியது. 5 மணியைத் தாண்டியதும் இறங்கியது. அந்த நேரத்தை மனிதர்களோடு கழித்தாலோ பயனுள்ள ஒன்றில் செலவிட்டாலோ அந்த இறக்கம் பெரிதாக இல்லை. பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கு இது முக்கியம். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே வாரம் 2 மணி நேரமாவது நூலகத்திலோ மாலை வகுப்பிலோ தோட்டத்திலோ கால் பதித்துவிட வேண்டும்.

மிச்சம் பிடித்த நேரத்தைச் சும்மா விட்டால் போன் அதை எடுத்துக்கொள்ளும். "இனி நிறைய படிப்பேன்" என்பது நிற்காது, "செவ்வாய், வியாழன் இரவு 8 முதல் 8.45 வரை, போன் அடுத்த அறையில்" என்பது நிற்கும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓர் ஆள் இருந்தால் இன்னும் உறுதி. ஒரு மாதத்துக்கு ஒரே மாற்றம்தான். நான்கைச் சேர்த்துத் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது.

வீட்டில் ஒருவருடைய நேரம் இன்னொருவர் கையில் இருப்பதை மறப்பதும் தவறு. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88. இந்த நிலையில் மனைவியிடமோ அம்மாவிடமோ "உனக்கென்று ஏதாவது செய்" என்று சொல்வது பயன் தராது. ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும். காலை டிபன் என்றால் முந்தின இரவு மாவு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை. கேட்டால் உதவுவது என்றால், நினைவில் வைத்துக்கொண்டு சொல்லும் வேலை அவர் தலையிலேயே இருக்கும்.

நான்கு வாரம் கழித்து இன்னொரு வாரக் கணக்கு எழுதி, இரண்டு பத்திகளையும் பழையதோடு ஒப்பிடுங்கள். எண் ஏறவில்லையென்றால் மாற்றத்தை மாற்றலாம். முன்பு ரசித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன என்றால் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.