போர்ட் பக்கத்துல குடியிருக்கீங்களா? உங்க விஷயத்தை நிர்வாகத்துகிட்ட எப்படி கொண்டுபோறது

லாரி புகை, நிலக்கரி தூசி, ராத்திரி முழுக்க சத்தம்னு எது வந்தாலும் போர்ட் ஆபீஸுக்கு போய் கத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, அந்த டெர்மினல், அதாவது சரக்கு ஏத்தி இறக்குற தளம், யார் கையில இருக்கு? நிறைய போர்ட்ல அரசு அமைப்பு நிலத்துக்கு சொந்தக்காரர் மட்டும்தான், கால்வாய தூர் வாருறது, அலைத்தடுப்பு, ரோடு எல்லாம் அவங்க பாத்துப்பாங்க, ஆனா கிரேன் போட்டு சரக்கு ஏத்தி இறக்குறது லீஸுக்கு எடுத்த தனியார் கம்பெனி. அதனால இவங்கள கேட்டா அவங்கள கைகாட்டுவாங்க, அவங்கள கேட்டா இவங்கள.

அப்போ பிடிக்க வேண்டியது லீஸைத்தான். லீஸ் பல வருஷத்துக்கு போடுறது, நடுவுல மாத்துறது ரொம்ப கஷ்டம், புதுசா போடும்போதும் நீட்டிக்கும்போதும் விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும்போதும்தான் நிபந்தனை சேர்க்க வாய்ப்பு. எந்த லீஸ் எப்போ முடியுதுன்னு எழுத்துல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமா படுது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கன்டெய்னர் டெர்மினலுக்கு சரியா சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணாம லீஸ் குடுத்துட்டாங்கன்னு பக்கத்துல குடியிருந்தவங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2001ல கேஸ் போட்டாங்க, கடைசில சமரசமாகி 2004ல அந்த டெர்மினல் ஷோர் பவரோட, அதாவது கரைல இருந்தே கப்பலுக்கு கரன்ட் குடுக்குற வசதியோட, திறந்துச்சு. கப்பல் கரைல நிக்கும்போதும் லைட்டுக்கும் பம்புக்கும் குளிர்பெட்டிக்கும் உள்ள இன்ஜின் ஓடிட்டேதான் இருக்கும், அந்த புகைதான் வீட்டுக்குள்ள வருது, கரைல இருந்து கேபிள் போட்டு கரன்ட் குடுத்தா அந்த இன்ஜின நிறுத்திடலாம்.

புகார் எழுதும்போது "எப்பவும் தூசி"ன்னு எழுதாதீங்க. தேதி, மணி, காத்து எந்த பக்கம் அடிச்சுது, எந்த பெர்த் (கப்பல் கட்டி நிக்கிற இடம்), கப்பல் பேரு (பின்பக்கம் பெருசா எழுதியிருக்கும்), காலைல ஜன்னல் கட்டைய வெள்ளைத் துணியால துடைச்சு அந்த கருப்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோ, இதெல்லாம் சேர்ந்தா அதிகாரி கம்பெனிய கூப்பிட்டு கேள்வி கேட்க முடியும்.

கடற்கரைக்கு போற வழிய வேலி போட்டு அடைச்சுட்டாங்கன்னா அது பெரும்பாலும் 2004 ஜூலைல அமலுக்கு வந்த சர்வதேச பாதுகாப்பு விதியால இருக்கும், அந்த கேட்ட திறங்கன்னா நடக்காது, மாற்று வழி குடுங்கன்னு கேளுங்க.

முடிவெடுக்கிறது யாருன்னும் பாத்துக்கோங்க. அமெரிக்காவுல சியாட்டில் போர்ட்ட நடத்துற 5 கமிஷனர்கள மக்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறாங்க, பல இடத்துல அரசாங்கம் நியமிக்கும், அங்க உங்க எம்எல்ஏ மூலமா போனாத்தான் வேகமா நகரும். நிர்வாகக் குழு மீட்டிங் பொதுமக்களுக்கு திறந்திருந்தா தனியா போகாம நாலஞ்சு பேரா போங்க, மீனவர், லாரி டிரைவர், ஸ்கூல் பக்கம் குடியிருக்கிறவங்கன்னு. வேலைவாய்ப்பு பத்தியும் அங்கயே கேளுங்க, உள்ளூர் பிள்ளைங்களுக்கு கிரேன் பயிற்சி உண்டா, எத்தனை பேர எடுத்தாங்கன்னு. பேசினது மினிட்ஸ்ல (மீட்டிங் குறிப்புல) ஏறலன்னா மறுநாளே அதையே கடிதமா குடுத்து ரசீது நம்பர் வாங்கிடுங்க.