1983 இலங்கை நாடாளுமன்றம்: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் சுவரொட்டிகள் வந்துவிடும். 1983ல் இலங்கைத் தமிழர் மீது நடந்த கலவரமான கறுப்பு ஜூலையின் நினைவுக் கூட்டம், கல்லூரிப் பேச்சுப் போட்டி, முகநூலில் நீள நீளமான பதிவுகள். கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நடந்தது என்பதால் இங்கே யாருக்கும் அது தூரத்துச் செய்தி இல்லை. பேசப் போகிற பிள்ளைகள் குறிப்புத் தாளை என்னிடம் காட்டுவதுண்டு. கொலை, தீவைப்பு, தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொழும்பு வெலிக்கடைச் சிறை பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொழும்பு நாடாளுமன்றம் என்று வந்ததும் சறுக்கல் தொடங்கும். "நாடாளுமன்றம் கைகட்டி வேடிக்கை பார்த்தது" என்ற ஒரே வரியில் அதை முடித்துவிடுவார்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு அந்த வரிதான். அந்த அவை கூடியது, விவாதித்தது, வாக்கெடுத்தது, சட்டம் போட்டது. நாடு உள்நாட்டுப் போருக்குள் இறங்கிய அந்தச் சில வாரங்களில் அது செய்த வேலையை வரிசையாகப் பார்த்தால்தான், தமிழர் பேசுவதற்கு இருந்த ஒரு வாசல் எப்படி முறைப்படியே அடைக்கப்பட்டது என்பது புரியும். 'வேடிக்கை பார்த்தது' என்று எழுதும்போது அந்தப் பொறுப்பிலிருந்து நாமே அவர்களை விடுவித்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, கதையை 1983 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தொடங்குவது. (நம் திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருப்பது. இதைக்கூட ஒருமுறை மேடையில் சொல்லிவிடுவது நல்லது.) அன்று இரவு 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள், மறுநாள் கொழும்பில் கலவரம் மூண்டது, உண்மைதான். ஆனால் நாடாளுமன்றத்தின் கதை அதற்கு ஆறு வருடம் முன்பே தொடங்குகிறது. 1977 ஜூலைத் தேர்தலில் மொத்தம் 168 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140ஐ அள்ளியது. தனிநாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துப் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம். சிறிலங்கா சுதந்திரக் கட்சி வெறும் 8 இடத்துக்குச் சுருங்கியதால், காங்கேசன்துறை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தனிநாடு கேட்கும் கட்சியின் தலைவர் அந்த நாட்டின் நாடாளுமன்றத்திலேயே எதிர்க்கட்சித் தலைவர். பல குறிப்புகளில் இந்த விஷயம் ஒரு வரிகூட இருப்பதில்லை.

இன்னொரு கணக்கையும் இங்கே மனத்தில் வைக்க வேண்டும். அரசியலமைப்பின் பெரும்பாலான பிரிவுகளைத் திருத்த அவையில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 168ல் அது 112. ஆளும் கட்சியிடம் அதற்கு மேல் 28 பேர் இருந்தார்கள்.

அப்புறம் வருகிறது 1982. அந்த அவை மக்கள் அப்போதுதான் தேர்ந்தெடுத்த அவை என்பதுபோல எழுதுகிறார்கள். அதன் ஆறாண்டுக் காலம் 1983 ஆகஸ்ட் 4ல் முடிந்திருக்க வேண்டும். தேர்தல் வைத்தால் 140 இடம் மறுபடி கிடைக்காது என்பது ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு நன்றாகவே தெரியும். அதனால் நான்காவது திருத்தம் கொண்டுவந்து, அதே அவையை 1989 ஆகஸ்ட் 4 வரை நீட்டிக்கலாமா என்று மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 1982 டிசம்பர் 22 அன்று வாக்கெடுப்பு. வாக்குச் சீட்டில் இரண்டே சின்னம். நீட்டிக்கலாம் என்றால் விளக்கு, கூடாது என்றால் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டம் மிகப் பெரிய அளவில் குடத்துக்குப் போட்டது. இதற்குச் சில வாரம் முன்பே தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத பதவி விலகல் கடிதங்களை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார் ஜெயவர்த்தனா. தலைமைக்கு எதிராகக் கை தூக்க நினைக்கிறவர் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். 83ல் நடந்த ஒவ்வொரு வாக்கெடுப்புக்குப் பின்னாலும் அந்தக் கடிதக் கட்டு இருந்தது. இதைச் சொல்லாமல் 'பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது' என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை விட்டுப்போகும்.

அவசரநிலையைப் பற்றிய தவறு சிறியது, ஆனால் எல்லோரும் செய்வது. கலவரம் வந்ததால் அவசரநிலை என்று எழுதுவார்கள். அது 1983 மே 18ஆம் தேதியே, உள்ளாட்சித் தேர்தலும் இடைத்தேர்தல்களும் நடந்த அன்றே, பிறப்பிக்கப்பட்டுவிட்டது. ஜூன் 3 அன்று 15ஏ என்ற விதி வந்தது. பாதுகாப்புப் படையினரின் கையில் இறந்தவரை மரண விசாரணை இல்லாமலே புதைக்கவோ எரிக்கவோ அது வழிவிட்டது. அவசரநிலைப் பிரகடனம் ஒரு மாதம்தான் செல்லும். நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். ஆக, மாதம் ஒரு முறை அது அவை முன் வந்தது, அவை கை தூக்கியது. இதற்கும் முன்னால், 1979லேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியதும் இதே அவைதான்.

இனி ஆறாவது திருத்தம். தவறுகள் அதிகம் குவிவது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"ஆறாவது திருத்தம் போட்டுத் தமிழ் எம்.பி.க்களை வெளியேற்றினார்கள்." இப்படித்தான் முக்கால்வாசிக் குறிப்புகளில் இருக்கிறது. நடந்தது இதைவிடச் சிக்கலானது. மக்கள் தந்த ஆறாண்டு முடிந்த பிறகு, நீட்டிக்கப்பட்ட காலத்தில் போய் உட்காரக் கூடாது என்ற நெருக்கடி கூட்டணி உறுப்பினர்களுக்குத் தமிழ்ப் போராளி இயக்கங்களிடமிருந்தே இருந்தது. அவைக்குப் போகாமல் நின்றதற்கு அது ஒரு காரணம். அதன் மேல் வந்து விழுந்தது திருத்தம். 1983 ஆகஸ்ட் 8 அன்று அது சட்டமானது. பழைய ஆறாண்டுக் கெடு முடிந்து நான்கே நாள். கலவரத்தில் வீடிழந்தவர்கள் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்திருந்த நேரம். அவர்களுக்காகச் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்க, அவை அவசரமாக எடுத்துக்கொண்ட வேலை இது.

திருத்தம் ஒரு உறுதிமொழியைக் கேட்டது. இலங்கையின் நிலப்பரப்புக்குள் தனி அரசு ஒன்று அமைவதை, நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ, நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்க மாட்டேன், வளர்க்க மாட்டேன், அதற்குப் பணம் தர மாட்டேன், அதை ஊக்குவிக்க மாட்டேன், அதற்காகப் பேச மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் அவையில் அமர முடியாது, வாக்களிக்க முடியாது. உறுப்பினர்களோடு இது நிற்கவில்லை. அரசு ஊழியர்களும் வழக்கறிஞர்களும்கூட எடுத்தாக வேண்டும் என்றானது. தடையை மீறியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தால் ஏழு ஆண்டு வரை குடியுரிமைசார் உரிமைகள் போகும். பிழைப்புக்கு அவசியமானது என்று நீதிமன்றம் ஒதுக்குவது தவிர மற்றச் சொத்தும் போகும்.

கூட்டணியினர் அந்த உறுதிமொழியை எடுக்கவில்லை. தனிநாடு கேட்டுத்தானே 77ல் வாக்கு வாங்கினார்கள், எப்படி எடுப்பார்கள்? அனுமதியின்றி மூன்று மாதம் தொடர்ந்து அவைக்கு வராதவர் இடத்தை இழப்பார் என்ற விதிப்படி அவர்கள் இடங்கள் போயின. ஆகவே எழுதும்போது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: நீட்டிக்கப்பட்ட அவையை ஏற்காமல் விலகி நின்றார்கள், திரும்பி வர நினைத்தாலும் வர முடியாதபடி உறுதிமொழி வாசலில் நின்றது.

இந்த இடத்தில் சிலர், கூட்டணிக்காரர்கள் அவைக்குப் போய்த் தமிழர் துயரத்தைப் பேசியிருக்கலாமே, பொறுப்பைத் தட்டிக் கழித்தார்கள் என்று எழுதுகிறார்கள். மடையை அடைத்துவிட்டு, வயலில் ஏன் தண்ணீர் இல்லை என்று வயல்காரனைக் கேட்பது போன்ற பேச்சு அது.

இதையொட்டி நம் ஊரில் மட்டும் கேட்கிற ஒரு ஒப்பீடு உண்டு. "63ல் இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் வந்ததே, தி.மு.க. திராவிட நாட்டை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றதே, அவர்களும் அப்படிச் செய்திருக்கலாமே" என்பது. அரசியல் தெரிந்த பெரியவர்களே டீக்கடையில் இதைச் சொல்கிறார்கள், பிள்ளைகளும் எழுதி வருகிறார்கள். ஒப்பிடுவது தப்பில்லை, வேறுபாட்டைச் சொல்லாமல் ஒப்பிடுவதுதான் தப்பு. 1963ல் வந்த இந்தியாவின் பதினாறாவது திருத்தத்தை அண்ணா மாநிலங்களவையில் நின்று எதிர்த்துப் பேச முடிந்தது. வேட்பாளரும் உறுப்பினரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி சொல்ல வேண்டும் என்றது சட்டம். தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது, 1967ல் தேர்தல் உரிய நேரத்தில் வந்தது, கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1962ல் தஞ்சாவூரில் வென்று சட்டமன்றம் போயிருந்த கருணாநிதி 1969ல் முதல்வரே ஆனார். அதாவது கோரிக்கையை விட்டவருக்கு முன்னால் ஒரு தேர்தல் இருந்தது. இலங்கையில் அந்தத் தேர்தலைத்தான் விளக்குச் சின்னம் தின்றுவிட்டது; அடுத்த பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரி 15ல்தான் வந்தது. கோரிக்கையை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது? தவிர, இந்தியச் சட்டம் ஒரு இனக் கொலை முடிந்த இரண்டு வாரத்துக்குள் வந்த சட்டம் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒப்பிடுங்கள், ஒப்பீடு பயன்படும்.

அமிர்தலிங்கத்தைப் பற்றி ஒரு குழப்பம். அவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து பதவியைப் பறித்தார்கள் என்று எழுதுவார்கள். தீர்மானம் வந்தது 1981 ஜூலையில், யாழ்ப்பாண நூலகம் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது. ஆளும் கட்சியே எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போடுவது எந்த நாடாளுமன்ற முறையிலும் பொருந்தாத காரியம். தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் அவர் எதிர்க்கட்சித் தலைவராகவே தொடர்ந்தார். இடம் போனது 1983 இறுதியில், மேலே சொன்ன வழியில். இரண்டு வருட இடைவெளியை ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஜெயவர்த்தனா "நாடாளுமன்றத்தில் சொன்னார்" என்று எழுதும் வரிகளையும் சரிபார்க்க வேண்டும். முதலில், அவர் ஜனாதிபதி, பிரதமர் ஆர். பிரேமதாசா. யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றி இனிக் கவலையில்லை என்ற பொருளில் ஜெயவர்த்தனா பேசியது, கலவரத்துக்கு முன், லண்டன் டெய்லி டெலிகிராப் பேட்டியில். கலவரத்தின்போது நாட்டு மக்களிடம் முதன்முதலாகப் பேசியது ஜூலை 28 அன்று, தொலைக்காட்சியில். அதில் பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல் இல்லை. பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் வரும் என்ற அறிவிப்பு இருந்தது. அது அவையில் பேசப்பட்டது இல்லை என்பதாலேயே அந்தப் பேச்சு முக்கியம்: சட்டம் என்னவாக இருக்கும் என்பது அவை கூடும் முன்பே தொலைக்காட்சியில் முடிவாகிவிட்டது.

சின்னச் சின்னதாகச் சில. 83ல் அவை கூடியது காலிமுகத்திடல் பக்கத்துப் பழைய கட்டடத்தில் இல்லை. 1982 ஏப்ரலில் திறந்த கோட்டே ஏரி நடுவிலுள்ள புதிய கட்டடத்தில். இறந்தோர் எண்ணிக்கைக்கு ஒரே ஒரு எண்ணை எழுதாதீர்கள். அரசு சொன்னது சில நூறு, தமிழர் தரப்பு சொல்வது 3,000 வரை, யார் சொன்னது என்று சேர்த்தே எழுதுங்கள். 1983 ஆகஸ்டில் பதவி விலகிய கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர்கள், எம்.பி.க்கள் இல்லை. ஆறாவது திருத்தத்தையும் பதின்மூன்றாவது திருத்தத்தையும் போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு. பின்னது 1987 நவம்பரில், இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, மாகாண சபைகளுக்காக வந்தது.

கடைசியாக, ஆறாவது திருத்தத்தை இறந்த காலத்தில் எழுதும் பழக்கம். "அப்போது இருந்த கொடுஞ்சட்டம்" என்று எழுதுகிறார்கள். அது நீக்கப்படவில்லை. 1989ல், கட்சிகளுக்கு வாக்கு விகிதப்படி இடம் தரும் தேசியப் பட்டியல் வழியாக அமிர்தலிங்கம் மீண்டும் அவைக்குப் போனபோதும் அது இருந்தது; அதே ஆண்டு ஜூலை 13 அன்று விடுதலைப் புலிகளால் அவர் கொல்லப்பட்ட பிறகும், 2009ல் போர் முடிந்த பிறகும் இருந்தது. 2024 நவம்பர் தேர்தலில் வென்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போன தமிழ் உறுப்பினர்களுக்கும் அதே உறுதிமொழிதான்.