பழைய ரிசீவரோடு 4கே டிஸ்க் பிளேயரை இணைப்பது எப்படி?

4கே புளூ-ரே பிளேயரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், பழக்கதோஷத்தில் பிளேயரிலிருந்து ரிசீவருக்கும் (ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) ரிசீவரிலிருந்து டிவிக்கும் கேபிள் இழுத்துவிட்டேன். டிஸ்க் 4கே, டிவி 4கே. திரையில் வந்ததோ அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி படம். நடுவில் உட்கார்ந்திருந்த பழைய ரிசீவர்தான் காரணம். 4கே டிஸ்க் முழுத் தரத்தில் ஓட வேண்டுமானால், படம் கடந்துபோகும் ஒவ்வொரு கருவிக்கும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு தெரிந்திருக்க வேண்டும். என் ரிசீவருக்கு அது தெரியாது.

நல்ல பிளேயர்களின் பின்புறம் எச்டிஎம்ஐ வெளியீடு இரண்டாக இருப்பது இதற்காகத்தான். ரிசீவரை மாற்றத் தேவையில்லை.

படி 1: எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, 'மெயின்' வெளியீட்டை நேராக டிவியில் செருகுங்கள். 'சப்' அல்லது 'ஆடியோ' என்று எழுதியிருக்கும் மற்றொன்றை ரிசீவரின் உள்ளீடு ஒன்றில் செருகுங்கள். பல பிளேயர்களில் இந்த இரண்டாவது வெளியீட்டில் ஒலி மட்டுமே வரும். ஆகவே இடம் மாற்றிச் செருகினால் டிவி இருண்டே கிடக்கும். கேபிளுக்குக் கொள்ளைப் பணம் கொடுக்காதீர்கள். 18 ஜிகாபிட் வேகத்துக்குச் சோதிக்கப்பட்ட 'பிரீமியம் ஹைஸ்பீட்' சான்று ஒட்டியிருந்தால் போதும். தங்க முலாமும் பாம்புத் தடிமனும் படத்தை அழகாக்குவதில்லை.

படி 2: டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டுகளும் ஒரே திறன் கொண்டவையல்ல. கையேட்டைப் பார்த்துச் சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, டிவி மெனுவில் அந்தப் போர்ட்டுக்கு உரிய விரிவுபடுத்திய சிக்னல் அமைப்பையும் இயக்குங்கள். அதன் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதை விட்டுவிட்டால் 4கே வந்தாலும் எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் எடுப்பாகத் தெரியும் பட வடிவம்) வராமல் போகலாம்.

படி 3: இங்கேதான் இரண்டு வார இறுதிகளைத் தொலைத்தேன். பிளேயர் மெனுவில் எச்டிஎம்ஐ வெளியீட்டைப் 'பிரித்து அனுப்பு' என்ற பொருள்படும் தேர்வில் வைத்தேன். ஒலியை 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்கினேன், அதாவது டிஸ்க்கில் இருப்பதைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பச் சொன்னேன். சத்தம் வந்தது. ஆனால் ரிசீவரின் முகப்பில் இழப்பற்ற ஒலி வடிவமான 'டால்பி ட்ரூஎச்டி' என்று வர வேண்டிய இடத்தில், தரம் குறைத்துச் சுருக்கிய வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்றே வந்துகொண்டிருந்தது. கேபிளை மாற்றினேன், ரிசீவரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினேன், டிஸ்க்கைக்கூடத் துடைத்துப் பார்த்தேன். குற்றவாளி மெனுவின் மூலையில் ஒளிந்திருந்தது: 'இரண்டாம் ஒலி', சில பிளேயர்களில் 'பிடி ஆடியோ மிக்ஸ்'.

மெனு பொத்தான்களின் 'டிக்' ஓசை, படத்துக்குள் சிறு படமாக ஓடும் விளக்க உரை போன்றவற்றை முக்கிய ஒலியோடு கலப்பதுதான் அதன் வேலை. கலக்க வேண்டுமானால் பிளேயர் மூல ஒலியைப் பிரித்து, கலந்து, மறுபடியும் சுருக்கிக் கட்டி அனுப்ப வேண்டும். அந்தச் சுருக்கலில் இழப்பற்ற ஒலி போய்விடுகிறது. ஒரு 'டிக்' ஓசைக்காக முழு ஒலித்தடத்தையும் பலிகொடுக்கும் இந்த அமைப்பை ஏன் இயக்கிய நிலையிலேயே விற்கிறார்களோ! அணைத்துவிடுங்கள்.

பிட்ஸ்ட்ரீமுக்குப் பதில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) வைத்தால் பிளேயரே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும், அதிலும் இழப்பில்லை. ஆனால் தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்க வைக்கும் டால்பி அட்மாஸின் உயரத் தகவல் அதில் வராது. ரிசீவர் எந்த வடிவத்தைப் பெறுகிறது என்று முகப்பிலேயே தெரிவதால் நான் பிட்ஸ்ட்ரீம் கட்சி.

படி 4: உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுத்துக்கொள்ளும். வேறு பாதையில் போகும் ஒலி முந்திக்கொள்ளும். டிவியோடு இணைப்பில்லாத ரிசீவருக்கு இது தானாகத் தெரிய வழியில்லை. ரிசீவரின் ஒலித் தாமத அமைப்பைப் பத்துப் பத்து மில்லிவினாடியாக ஏற்றி, பேசும் காட்சி ஒன்றில் சரிபாருங்கள்.

ரிசீவரில் எச்டிஎம்ஐயே இல்லையென்றால், ஒலிக்கு மட்டுமான கோஆக்சியல் (உலோகக் கம்பி) அல்லது ஆப்டிகல் (ஒளி இழை) இணைப்பு. இரண்டிலும் இரு தட பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஒலிதான் போகும், ட்ரூஎச்டிக்கு அந்தப் பாதையில் இடமில்லை. என் ஓட்டு கோஆக்சியலுக்கு: செருகி உறுதியானது, மடிந்தால் ஒளி இழை உடையுமே என்ற பயமில்லை. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று மின் இரைச்சல் கேட்டால் மட்டும் ஆப்டிகலுக்கு மாறுங்கள். அதில் மின் தொடர்பு இல்லை. புது ஆப்டிகல் கேபிளின் நுனியில் குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். கழற்றிவிட்டுச் செருகுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகவே ரிசீவருக்கு ஒலியை அனுப்பக் கூடாதா என்று பலர் கேட்டிருந்தார்கள். அனுப்பலாம், ஆனால் பழைய ஏஆர்சியில் ட்ரூஎச்டி போகாது. அதற்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும், அதுவும் இரு முனையிலும். பழைய ரிசீவரில் அது இருக்காது.

பின்சேர்க்கை 2: எஸ்ஏசிடி (உயர்தர இசைக்கான சிடி வகை) டிஸ்க் போட்டால் கோஆக்சியலில் சத்தமே வரவில்லை என்கிறார் ஒரு வாசகர். பழுதில்லை. எஸ்ஏசிடி அடுக்கின் ஒலியை அந்த வெளியீட்டில் அனுப்ப அனுமதியில்லை. எச்டிஎம்ஐ அல்லது அனலாக் வழியாகக் கேளுங்கள். சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்த டிஸ்க் என்றால், பிளேயரில் சிடி அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் கோஆக்சியலிலும் வரும்.

பின்சேர்க்கை 3: நீளமான ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளைச் சுவருக்குள் பதித்த பிறகு படம் வராமல் தவித்த ஒருவர் எழுதியிருந்தார். அவற்றுக்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய முனை பிளேயருக்கு, 'டிஸ்ப்ளே' முனை டிவிக்கு. பதிக்கும் முன் தரையில் விரித்துவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.