அண்டை வீட்டாரின் மொழிப்பெயரைக் கேட்டு எழுதுவது எப்படி?

பெங்களூருவில் குடியிருப்புச் சங்க மலரோ தமிழ் வகுப்புப் பதிவேடோ தயாரிக்கும் நம்மவர்கள், அண்டை வீட்டாரின் தாய்மொழியைக் குறிக்கும் இடத்தில் தங்கள் வாய்க்குப் பழகிய பெயரையே எழுதிவிடுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த காவலாளியும் பீகாரிலிருந்து வந்த தச்சரும் நம் பேச்சில் 'இந்திக்காரர்' ஆகிவிடுகிறார்கள். வடக்கே போனால் 'மதராசி' என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்படும் நாம் இந்தப் பிழையைச் செய்யக் கூடாது.

முதலில் கேள்வியைச் சரியாக அமையுங்கள். ஊரைக் கேட்டு மொழியை ஊகிக்க வேண்டாம். "வீட்டுப் பெரியவர்களோடு எந்த மொழியில் பேசுவீர்கள்? அதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" என இரண்டாகக் கேளுங்கள். 'இந்தி' என்ற விடை வந்தாலும் இன்னும் சற்று விசாரியுங்கள். பீகாரில் பலர் பேசும் போஜ்புரியை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இந்தியின் கீழ் தொகுத்திருக்கும்போது, புதியவரிடம் வீட்டுமொழியின் பெயரைச் சொல்ல ஒருவர் தயங்குவது இயல்புதான். பீகாரின் இன்னொரு மொழியான மைதிலியோ, அரசியலமைப்பு ஏற்ற மொழிகளைப் பட்டியலிடும் எட்டாம் அட்டவணையில் 2003-இல் தனிமொழியாகவே சேர்க்கப்பட்டது.

அடுத்து, மக்களின் பெயர், மொழியின் பெயர், நிலத்தின் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். நாம் 'குடகர்' என்று சொல்லும் சமூகத்தார் தங்களைக் கொடவர் என்றும், தங்கள் மொழியைக் 'கொடவ தக்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் அதே குடகில், கன்னடத்தின் ஒரு வழக்கான அரெபாஷெ பேசும் கௌடர்களும் வாழ்கிறார்கள். மணிப்பூரிலிருந்து வந்த மெய்தெய் இனத்தவர் ஒருவர் தம் மொழியை 'மெய்தெய்லோன்' என்பார். அரசியலமைப்பில் அது 1992 முதல் 'மணிப்புரி' என்று இடம்பெற்றிருக்கிறது. அவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும், அதே மணிப்பூரைச் சேர்ந்த தாங்குல் நாகருக்கும் 'மணிப்புரி' என்றே எழுதிவிட்டால், தாங்குல் மொழி உங்கள் பதிவேட்டில் இல்லாமலே போய்விடும்.

பெயரை அவர்களையே சொல்லச் சொல்லி, கேட்டபடி எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். க, ட, ப முதலிய எழுத்துகளின் ஒலி வேறுபாடுகளைத் தமிழெழுத்து தனியே காட்டாததால், கன்னட எழுத்திலும் ஒருமுறை குறித்துவைப்பது நல்லது. 'ஒரியா' என்பதை விடுத்து 'ஒடியா' என்றே எழுதுங்கள்; 2011-இல் அரசியலமைப்பும் அவ்வாறே திருத்தப்பட்டது.

தமிழில் நிலைபெற்ற பெயர்களையெல்லாம் மாற்ற வேண்டியதில்லை. 'காஷ்மீரி' என்றெழுதி, அம்மக்கள் வழங்கும் 'காஷுர்' என்பதை அருகில் சேர்த்தால் போதும். ஆனால் ஒரு பெயர் தங்களை இழிவுபடுத்துவதாக அவர்கள் சொன்னால், அது எத்தனை காலம் நம்மிடையே வழங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்நகரத்தில் 'கொங்கா' என்று ஏசப்பட்ட தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் அதே மொழி பேசும் இன்னொருவரிடமும் பட்டியலைக் காட்டுங்கள். இருவரும் இருவேறு பெயர்களைச் சொன்னால், அவரவர் சொன்னதை அவரவர் பெயருக்கு எதிரே அப்படியே பதியுங்கள்.