கச்சான் காற்று முதுகில் அடிக்க: பரமக்குடியிலிருந்து ஆற்றங்கரை வரை சைக்கிளில்

ராமேஸ்வரம் பக்கம் சைக்கிளில் போக வேண்டும் என்று யார் என்னிடம் வழி கேட்டாலும் முதலில் சொல்வது, மதுரை நெடுஞ்சாலையை மறந்துவிடுங்கள் என்பதுதான். ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவரோடு வரும் சுற்றுலா வேன்களுக்கும் மீன் லாரிகளுக்கும் நடுவே ஓரமாக உருட்டுவதில் என்ன சுகம்? வைகையும் அதே திசையில்தான் போய், ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. அதன் இரு பக்கமும் கண்மாய்க் கரைகளும் ஊர்ச் சாலைகளும் கிடக்கின்றன. பார்த்திபனூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். விடுமுறை வந்தால் நானும் என் மதினியும் கிளம்பிவிடுவோம். இரண்டு பேரிடமும் கியர் கிடையாது, சாதாரண லேடீஸ் சைக்கிள்தான்.

கியர் தேவையும் இல்லை. இந்தச் சமவெளியில் ஏற்றம் என்றால் கண்மாய்க் கரை, அதை விட்டால் ரயில்வே மேம்பாலம். இங்கே காலை இழுப்பது காற்றுதான். அதனால் தேதியைக் காற்றைப் பார்த்துக் குறியுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் தென்மேற்கிலிருந்து நாள் பூராவும் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதெல்லாம் எதிரே மிதித்துப் பார்த்தவர்கள் சொன்னதாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் கிழக்கே கடலைப் பார்த்து மட்டும் ஓட்டுங்கள், திரும்புவது ரயிலில். தை, மாசியில் வாடை எதிரே வரும், ஆனால் விடிகாலையில் அவ்வளவு வேகம் இருக்காது. பத்து, பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பிவிடும், அதற்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் தை கடைசியும் மாசியும்தான் நல்ல காலம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், பறவை இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை ஒரு காரணம், கரிசல் மண் இன்னொரு காரணம். ஈரக் கரிசலில் நூறு அடி போனால் போதும், மண் டயரில் சுற்றி மட்காடுக்குள் இறுகி, சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்தாலும் அடுத்த நூறு அடியில் அதே கதை. மழை விட்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகே கரைமேல் ஏறுங்கள். வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால் தரைப்பாலங்களை நம்பாதீர்கள். பார்த்திபனூர் மதகணையில் வலது, இடது கால்வாய்களில் பிரிந்தது போக, மிச்சம் ஆற்றோடு வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பும். பாலத்தின் மேல் முழங்கால் அளவு ஓடினாலும் இறங்க வேண்டாம்.

வருஷம் பூராவும் இருக்கும் தொல்லை முள். சீமைக்கருவேல முள் குத்தினால் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அரை கிலோமீட்டரில் அதே முள் மறுபடி குத்தும். ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் ஒரு பழைய பருத்தித் துணியை மெதுவாக ஒரு சுற்று இழுத்து வாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கேதான் முள். நகவெட்டியால் பிடித்து வெளியே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே ஒரு பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்கும் டியூபுக்கும் இடையே படுக்க வைத்துவிட்டால் பாதி முள் அதோடு நின்றுவிடும். பரமக்குடி சைக்கிள் கடைக்காரர் எங்களுக்குச் செய்து கொடுத்தது இதுதான். சக்கரம் கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. பம்பு, சொலூஷன், ஒட்டுத் துண்டு, உப்புத்தாள், இரண்டு மாற்று டியூப் பையில் கட்டாயம் இருக்கட்டும். விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடும் இடத்தருகே வெட்டிய கிளைகள் பாதையில் சிதறிக் கிடக்கும். வயலுக்குள் ஆடு புகாமல் முள் அடைத்திருக்கும் வாசலும் அப்படித்தான். அங்கெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பது உத்தமம்.

சரி, வழிக்கு வருவோம். பரமக்குடியில் ஐந்தரை மணிக்கு டீ குடித்துவிட்டு ஆற்றின் வடகரைப் பக்கம் நயினார்கோவில் சாலையைப் பிடியுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர மிதிப்பு. டவுன் பஸ்ஸும் டூவீலரும் தவிர எதுவும் எதிர்ப்படாது. நாகநாத சுவாமி கோயில் வாசலில் இட்லி கிடைக்கும். அந்தப் பக்கம்தான் தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயம். பேர் பெரிதாக இருக்கிறதே என்று டிக்கெட் கவுண்டர் தேடாதீர்கள், அதுவும் ஒரு கண்மாய்தான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டியிருக்கும். சைக்கிளைக் கரைக்குக் கீழேயே சாத்திவிட்டு ஏறுங்கள். மணி அடிக்காதீர்கள்.

அங்கிருந்து ராமநாதபுரம் வரை கிளைச்சாலைகள்தான். செல்போன் வரைபடம் கண்மாய்க் கரையைச் சாலை போலவே காட்டும், ஆனால் நடுவில் கரை உடைந்திருப்பது அதற்குத் தெரியாது. ஆளைக் கேட்பதே நல்லது, அதிலும் ராமநாதபுரத்துக்கு வழி கேட்காதீர்கள். கேட்டால் நேராக நெடுஞ்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஊரின் பெயரை மட்டும் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை ஒரு கரையடியில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார்: "தாயி, அங்கிட்டுப் போகாத, கரை அரிச்சுக் கெடக்கு. இங்கிட்டு எறங்கி, ஆலமரத்துக்கிட்ட ஏறு." எந்த வரைபடம் இதைச் சொல்லும்? கிடை நாய்கள் மட்டும் கவனம். குரைத்துக்கொண்டு வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே போங்கள். மிதித்தால்தான் துரத்தும்.

கரையில் போகும்போது இடையிடையே கலுங்கு வரும். மிச்சத் தண்ணீர் வழிந்து போக, கல் பாவி, வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். காய்ந்திருந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடக்கலாம். தண்ணீர் வழிந்தால் கல்மேல் பாசி வழுக்கும், கீழே இறங்கிச் சுற்றிப் போங்கள். அந்த மாதிரி இடங்களுக்காகவே கேரியரில் மூட்டை கனமாக இருக்கக் கூடாது.

மாசி, பங்குனியில் ஊர்ச் சாலைகளில் பாதி அகலத்துக்கு மிளகாய் காயும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் இதுதான், உருண்டையாக, காம்போடு. சக்கரம் ஏறினால் தோல் கிழிந்து விதை கொட்டிவிடும், அப்புறம் அதற்கு விலை கிடையாது. ஓரமாக இறங்கி உருட்டிப் போங்கள். காற்று பலமாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நெடி கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கடலை நெருங்க நெருங்கக் குழாயடியில் உப்புத்தண்ணீர்தான் வரும். "நல்ல தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டால் யார் வீட்டிலாவது சொம்பில் கொடுத்துவிடுவார்கள். ஊருணியைப் பார்த்ததும் கை கால் கழுவ இறங்கிவிடாதீர்கள், சில ஊர்களில் இன்றும் அது குடிதண்ணீர். செருப்போடு படியில் நின்றாலே சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் உண்டு. பதநீர் காலமாக இருந்தால் ஒன்பது மணிக்கு முன்பே குடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும். கூட வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கிராமத்துச் சாலையில் கழிப்பறை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசான அம்மா யாரையாவது பார்த்துக் கேளுங்கள். இதுவரை யாரும் எங்களுக்கு மறுத்ததில்லை, கூடவே மோரும் வந்த வீடுகள் உண்டு.

முதல் நாள் ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கிவிடலாம். நேரம் இருந்தால் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பாருங்கள். மறுநாள் அழகன்குளம் வழியாக ஆற்றங்கரை, இருபது கிலோமீட்டர் சொச்சம். பனங்காடும் மணலுமாக வழி மாறும். மணலில் டயர் புதைந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டி ரோமானியக் காசும் பானை ஓடும் எடுத்தார்கள். இப்போது போனால் கண்ணில் படுவது மேடும் தென்னையும்தான், குழியைத் தேடி அலையாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் இந்தப் பக்கம் ஜும்ஆவுக்காகக் கடைகள் அடைத்திருக்கும், சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் வைகை பாக் நீரிணையில் சேருகிறது. பெரும்பாலான மாதங்களில் ஆறு வந்து சேராது, கழிமுகத்தில் கடல்தண்ணீர்தான் உள்ளே ஏறி நிற்கும்.

திரும்புவதற்குப் பக்கத்தில் உச்சிப்புளி ஸ்டேஷன் உண்டு, ஆனால் சைக்கிளோடு போகிறவர்கள் ராமநாதபுரத்துக்கே வந்துவிடுவது நல்லது. சின்ன ஸ்டேஷனில் லக்கேஜ் புக்கிங்கை எதிர்பார்க்க முடியாது. ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் பார்சல் ஆபீஸில் பதிவு செய்யுங்கள். பம்பு, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பேரும் இறங்கும் ஸ்டேஷனும் எழுதி ஹேண்டில்பாரில் ஒன்று, கேரியரில் ஒன்று என இரண்டு இடத்தில் கட்டுங்கள். பூட்டிக் கொடுக்காதீர்கள், உருட்ட முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இடமில்லை என்று கைவிரித்தால் ஸ்டேஷன் வாசலில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிக்காரர்கள் நிற்பார்கள். பரமக்குடிக்குக் காலி வண்டியாகத் திரும்புகிறவர் கிடைத்தால் பேரம் பேசலாம்.